காசு வாங்காத வாசிகசாலை: கொழும்பில் ஓர் ஒழுங்கைக்குள் திறப்பதும் பூட்டு விழாமல் காப்பதும்

இலவச நூலகம் என்றால் புத்தகத்துக்குக் காசு வாங்காத இடம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பிள்ளையை வாசலிலேயே தடுப்பது பெரும்பாலும் காசல்ல, படிவம். பல உள்ளூராட்சி நூலகங்களில் இரவல் அங்கத்துவத்துக்குப் பிணையாளி ஒருவரின் கையொப்பம் கேட்பார்கள். அந்தப் பிணையாளி அதே எல்லைக்குள் சோலைவரி, அதாவது வீட்டுச் சொந்தக்காரர் சபைக்குக் கட்டும் வரி, கட்டுகிறவராக இருக்க வேண்டும் என்பார்கள். கொட்டாஞ்சேனையில் மேல்மாடி அறையொன்றில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்திடம் சோலைவரிப் பற்றுச்சீட்டு எப்படி இருக்கும்? வீட்டுக்காரரிடம் போய் நிற்க வேண்டும். "கையெழுத்தா, எதற்கு?" என்று அவர் இழுத்தால் படிவம் மேசை லாச்சிக்குள் போய்விடும், பிள்ளையும் நூலகப் பக்கம் போகாது.

படிவத்தைத் தாண்டினால் பஸ் காசு, வைப்புப் பணம், தாமதமானால் தண்டப்பணம், நூலகம் திறந்திருக்கும் நேரம் என்று தடைகள் வரிசையில் நிற்கின்றன. யுனெஸ்கோவின் பொது நூலகப் பிரகடனம் 1949இல் வந்தது. 1994இலும் 2022இலும் அதைத் திருத்தினார்கள். பொது நூலகம் கொள்கையளவில் கட்டணமற்றதாக இருக்க வேண்டும் என்று அது தெளிவாகவே சொல்கிறது. "கொள்கையளவில்" என்ற சொல்லுக்குள் எத்தனை படிவங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை வட்டாரத்தில் இருப்பவர்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதற்காக இந்தப் பாடு

முகத்துவாரத்திலோ தெமட்டகொடையிலோ தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்பில் வீடொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அறை, ஒரு தொலைக்காட்சி, ஐந்தாறு பேர். சாதாரண தரம் எழுதும் பிள்ளைக்கு அங்கே முதலில் இல்லாதது புத்தகமல்ல, மேசை. பாடநூலை அரசாங்கம் பாடசாலையில் இலவசமாகத் தந்துவிடுகிறது. அதை விரித்து வைத்து இரண்டு மணி நேரம் இருக்க ஒரு மேசையும், வெளிச்சமும், "கடைக்குப் போய் வா" என்று யாரும் கூப்பிடாத ஓர் இடமும்தான் இல்லை. ரியூசன் வகுப்பில் அந்த இடம் காசுக்குக் கிடைக்கிறது. வாசிகசாலை அதையே காசில்லாமல் தருகிறது. திறக்கிறவர்கள் இதை மறந்தால் முழுக் காசையும் புத்தகத்தில் போட்டுவிட்டு, கதிரை வாங்கக் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பார்கள்.

பெரியவர்களுக்குத் தேவை வேறு. வெள்ளிக்கிழமை வெளிவரும் வர்த்தமானியில் அரச வேலை அறிவித்தல், ஞாயிறு பேப்பரில் வரன், மரண அறிவித்தல், சிங்களத்தில் வந்த கடிதமொன்றை வாசித்துச் சொல்ல ஓர் ஆள். கடைசியாகச் சொன்னது எந்த நூலகப் பகுப்பிலும் வராது. ஆனால் கொழும்பில் தமிழ் பேசுகிறவர்கள் வாசிகசாலைப் படியேறுவதற்கு அதுவும் பெரிய காரணம்.

இருப்பதை முதலில் பயன்படுத்துங்கள்

புதிதாக ஒன்று திறக்குமுன், நகரத்தில் ஏற்கெனவே இருப்பதை வட்டாரத்துக்குக் கொண்டுவரப் பாருங்கள். கொழும்புப் பொது நூலகம் 1925இலிருந்து இயங்குகிறது. விகாரமகாதேவி பூங்காவை ஒட்டிய இன்றைய கட்டடம் 1980இல் திறக்கப்பட்டது. மாநகர சபையின் கிளைகளும் உண்டு, உங்களுக்கு அருகில் எது என்று மாநகர சபையில் கேட்கலாம். கொழும்பு 7இல் 1990இல் திறந்த தேசிய நூலகம் உசாத்துணைக்கானது. போய் உட்கார்ந்து பார்க்கலாம், வீட்டுக்கு எடுத்துவர முடியாது. தேசிய அரும்பொருட் காட்சிச்சாலையின் நூலகம் 1877இல் தொடங்கியது. 1885இலிருந்து இலங்கையில் அச்சான நூல்கள் சட்டப்படி அங்கே சேர்ந்தன. பழைய தமிழ் அச்சு நூல் தேடும் பல்கலைக்கழகப் பிள்ளையை அங்கே அனுப்புங்கள். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. கையில் தொலைபேசி மட்டும் இருந்தால் நூலகம் இணையத்தளம். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் காசில்லாமல் வாசிக்கலாம்.

ஒரு நூலகத்தின் கவுண்டருக்குப் போனால் "மெம்பர் ஆக என்ன செய்ய வேண்டும்?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். படிவம் ஒன்றைத் தந்து அனுப்பிவிடுவார்கள். நான்கு கேள்வியாகக் கேளுங்கள். வைப்புப் பணம் எவ்வளவு, விலகும்போது அது திரும்பி வருமா? பிணையாளி யாராக இருக்கலாம், பாடசாலை அதிபரோ கிராம உத்தியோகத்தரோ உறுதிப்படுத்தினால் போதாதா? சிறுவர் பகுதிக்குத் தனி அங்கத்துவம் உண்டா? அங்கத்துவம் இல்லாதவர் உள்ளே இருந்து வாசிக்கலாமா, அதற்குக் கட்டணம் என்ன? பதிலை எழுதிக்கொண்டு வந்து உங்கள் ஒழுங்கை முனையில் ஒட்டுங்கள். பாதிப் பேருக்கு அந்த ஒரு தாளே போதும். வாடகைக் குடும்பங்களுக்கு வட்டாரத்தில் சோலைவரி கட்டும் மூன்று நான்கு பேரிடம் முன்கூட்டியே பேசி, பிணை நிற்கச் சம்மதம் வாங்கி வைப்பது அதைவிடப் பெரிய உதவி. பிணை நிற்கிறவருக்கு உள்ள பொறுப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். புத்தகம் தொலைந்தால் கடிதம் அவர் வீட்டுக்கும் வரும்.

இதெல்லாம் செய்தும் தூரமும் நேரமும் தடையாகவே இருந்தால் ஓர் அறை திறக்கலாம். யாழ்ப்பாணப் பொது நூலகமும் அப்படித்தான் முளைத்தது. க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டில் தொடங்கிய முயற்சி, 1934 ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றுக்குப் போனது. அப்போது இருந்தவை 844 நூல்கள். அடுத்த ஆண்டே அது நகர சபையிடம் கையளிக்கப்பட்டது. இந்த வழிகாட்டியும் அதே பாதையைத்தான் மனதில் வைத்திருக்கிறது. சிறிதாகத் திறந்து, கணக்குச் சுத்தமாக நடத்தி, ஒருநாள் சபை பொறுப்பெடுக்கக்கூடியதாக வைத்திருப்பது.

அறை

12 அடிக்கு 15 அடி அறை ஒன்று போதும். 6 அடி நீள மேசை இரண்டு, மேசைக்கு நான்கு கதிரை, சுவரோடு இரண்டு றாக்கை, ஒரு மூலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாய். கதிரையைப் பின்னால் தள்ளி எழும்ப 3 அடி விடவேண்டும். இதைக் கணக்கெடுக்காமல் மூன்றாவது மேசையைத் திணித்தால் ஒருவர் எழும்பும்போது நாலு பேர் எழும்ப வேண்டிவரும். கோயில் மண்டபத்து அறை, பள்ளிவாசல் மேல்மாடி, சனசமூக நிலையம், பூட்டிக் கிடக்கும் கடையறை என்று எதுவும் ஆகலாம். ஆனால் மத நிறுவனத்து இடமென்றால் எல்லா வீட்டுப் பிள்ளையும் கூச்சமில்லாமல் உள்ளே வருமா என்று முதலில் பாருங்கள். தனி வாசல் இருந்தால் நல்லது. வாடகை இல்லாத இடம் கிடைத்தாலும் கடதாசியில் எழுதி வாங்குங்கள். குறைந்தது இரண்டு வருடம், எந்த நாட்களில் அறை உங்களுக்கு, விலகச் சொல்ல எத்தனை மாத முன்னறிவித்தல். வாய்ப்பேச்சில் வாங்கிய அறை முதல் கூட்டத்துக்கே பறிபோகும், மேசைகள் வெளியே வரும், மழையும் வரும்.

வெளிச்சத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மாலை 6.30க்கு, எல்லாக் கதிரையிலும் ஆள் இருக்கும்போது, சுவரோரக் கதிரையில் இருந்து அகராதியின் சின்ன எழுத்தை வாசித்துப் பாருங்கள். உங்கள் தலை நிழல் பக்கத்தில் விழுந்தால் விளக்கு தவறான இடத்தில் இருக்கிறது. மேசைக்கு நேர் மேலே குழல்விளக்கு வேண்டும். கூரை ஃபேன் பேப்பரைப் பறக்கவிடும், சுவர் ஃபேன் நல்லது.

பிள்ளைகள் வரும் இடம் என்பதால் ஒரு விதியை எழுதி ஒட்டுங்கள்: திறந்திருக்கும் நேரம் முழுக்கக் கதவு விரியத் திறந்திருக்கும், பெரியவர்கள் குறைந்தது இருவர் இருப்பார்கள். ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றால் அன்று சிறுவர் மூலை இல்லை. இதில் தயவுதாட்சணியம் பார்க்க வேண்டாம்.

றாக்கை

காசு வீணாவது இங்கேதான். பார்வைக்கு அழகான மெலமைன் பலகையில் 4 அடி நீளத் தட்டு அடிப்பார்கள். ஒரு மழைக்காலம் போனதும் அது நடுவில் வளைந்து சிரிக்கும். புத்தகம் பாரமான சரக்கு, நெருக்கி அடுக்கினால் ஒரு மீற்றர் நீளத்துக்கு 25 கிலோவுக்கு மேல் நிற்கும். 18 மில்லிமீற்றர் பலகை என்றால் இரண்டரை அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விடாதீர்கள். இரும்பு றாக்கை வாங்குவதென்றால் தட்டின் ஓரம் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பு இல்லாத தகடு அதே கதிக்கு வரும். மேல்மாடி என்றால் றாக்கையைச் சுவரோடு வையுங்கள், நடு அறையில் வேண்டாம். இரண்டு இடத்தில் சுவரோடு ஆணி அடித்துப் பிணையுங்கள். சின்னப் பிள்ளை தட்டில் கால் வைத்து ஏறத்தான் செய்யும்.

ஆனால் சுவரில் முட்டக்கூடாது. 2 அங்குல இடைவெளி, நிலத்திலிருந்து 6 அங்குல உயரம். மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கம் களனி கங்கை பெருகினால் நனையும் இடமென்றால் அடித்தட்டையே காலியாக விடுங்கள். தாங்கல் வைத்த மூன்றடித் தட்டில் தமிழ்ப் புத்தகம் 60 வரை நிற்கும். 40க்கு மேல் வைக்காதீர்கள். இறுக்கி அடுக்கினால் பிள்ளைகள் முதுகின் மேல்நுனியைப் பிடித்து இழுப்பார்கள், முதுகு கிழியும். தளர்வாக இருந்தால் நடுவைப் பிடித்து எடுப்பார்கள். 400 புத்தகத்துக்குப் பத்துத் தட்டு, அதாவது ஐந்தடுக்கு றாக்கை இரண்டு.

எதை வைப்பது, எதை மறுப்பது

400இல் பாதி சிறுவருக்குப் போகட்டும். அதிலும் பாதி படக்கதையும் பெரிய எழுத்துப் புத்தகமும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். ஒரே கதையை மூன்று மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பிள்ளை மூன்றையும் எடுக்கும். மிச்சத்தில் நாவல், சிறுகதை, பொது அறிவு, சமையல், தையல், மின்வேலை, மோட்டார் திருத்தம். அகராதி குறைந்தது மூன்று வேண்டும்: தமிழ்–ஆங்கிலம், தமிழ்–சிங்களம், ஆங்கிலம்–தமிழ். இவற்றை இரவல் கொடுக்காதீர்கள். பாஸ்ட் பேப்பரை, அதாவது கடந்த பரீட்சைகளின் வினாத்தாளை, பாடவாரியாகக் கோப்பில் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வையுங்கள். பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதத்தில் அறை நிரம்புவதற்குக் காரணம் அந்தக் கோப்புதான்.

பேப்பர் வாங்கும்போது ஒரு தமிழ்ப் பத்திரிகை, ஒரு சிங்களப் பத்திரிகை, ஞாயிற்றுக்கு இன்னும் ஒரு தமிழ்ப் பத்திரிகை என்று நிறுத்துங்கள். ஆசையில் ஐந்தாறு எடுத்து, மாதக் கடைசியில் பேப்பர் கடைக்கு நிலுவை வைப்பதுதான் சிறு வாசிகசாலைகள் மூடுவதன் முதல் அடையாளம். மூன்று மாதக் காசை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, பழையதைக் கிலோவுக்குப் போட்டால் பசையும் நூலும் வாங்கக் காணும்.

அன்பளிப்பு என்று வருவதில் பாதி, வீடு மாறுகிறவர்கள் தூக்கி எறிய மனமில்லாமல் தருகிற சுமை. பழைய பாடத்திட்ட வழிகாட்டி, காலாவதியான சட்டக் கைநூல், பழைய கணினிப் பாடப் புத்தகம், முழுதாகப் போட்டோக்கொப்பி அடித்த நூல், தேர்தல் பிரசுரம் எதையும் தட்டில் ஏற்றாதீர்கள். பழைய பாடத்திட்டம் வெறுமனே இடத்தை அடைக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஒரு பிள்ளை அதைப் பார்த்துப் படித்துவிட்டுத் தவறான விடை எழுதும். மறுப்பது சங்கடம் என்றால் வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள்: "தரும் நூல்களைப் பயன்படுத்துவதா, பிறருக்குக் கொடுப்பதா, பழைய தாளாகப் போடுவதா என்பது வாசிகசாலையின் முடிவு." தருகிறவர் அதை வாசித்துவிட்டுத்தான் தருகிறார் என்றால் பின்னால் மனத்தாங்கல் இல்லை.

பதிவேடும் இலக்கமும்

புத்தகம் தட்டுக்குப் போகுமுன் மூன்று வேலை. முதலாவது பதிவேடு: தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. திகதி, பதிவிலக்கம், ஆசிரியர், தலைப்பு, வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம், விலை, வந்த வழி, குறிப்பு. இலக்கம் 1இலிருந்து ஓடும். தொலைந்த புத்தகத்தின் இலக்கத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது. சிவப்புக் கோடு இழுத்து, திகதி போட்டு, காரணம் எழுதுங்கள். கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அறைக்கு வெளியே வேறொரு வீட்டில் வையுங்கள். 1981இல் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன என்று சொல்கிறோம். எவை எவை போயின என்று பெயர் பெயராகச் சொல்ல வேண்டுமானால் பட்டியல் தீக்கு எட்டாத இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது முத்திரை. தலைப்புப் பக்கத்தில் ஒன்று, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பக்கத்தில் இன்னொன்று. எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கம். தலைப்புப் பக்கத்தைக் கிழித்தாலும் புத்தகம் யாருடையது என்று காட்டலாம். படத்தின் மேல் முத்திரை குத்தாதீர்கள்.

மூன்றாவது முதுகில் ஒட்டும் இலக்கம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் டூயி தசமப் பகுப்பில் தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811, இலங்கை வரலாறு 954.93, இந்து சமயம் 294.5, பௌத்தம் 294.3, இஸ்லாம் 297, சமையல் 641.5. நம் வாசிகசாலையில் பாதிக்கு மேல் 894.811க்குள் விழும். அதனால் அந்த இலக்கத்தை முதுகில் எழுதித் தேடுகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. நாவலுக்கு நீல நாடா, சிறுகதைக்குப் பச்சை, கவிதைக்கு மஞ்சள் என்று ஒட்டி, ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போடுங்கள். டூயி இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். நாளை சபை நூலகமாக மாறினால் அந்த நிரல் இரண்டு மாத வேலையை மிச்சப்படுத்தும். பெயரை அடுக்கும்போது தலைப்பெழுத்தைப் பார்க்காதீர்கள். தமிழ்ப் பெயரில் முன்னால் நிற்பது தகப்பன் பெயரின் எழுத்து. ஒரே ஆசிரியரை ஒரு பதிப்பகம் தலைப்பெழுத்தோடும் இன்னொன்று இல்லாமலும் அச்சடிக்கும், நீங்கள் இரண்டு இடத்தில் வைத்துவிடுவீர்கள். ஜ, ஷ, ஸ, ஹ வரிசை ன வரிசைக்குப் பிறகு.

கணினியில் பட்டியல் போடுகிறவர்கள் கட்டாயம் யுனிகோட்டில் தட்டுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிக் கைபழகியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஆனால் பாமினியில் தட்டியது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அகரவரிசைப்படுத்தினால் தாறுமாறாகும், தேடினால் கிடைக்காது, எழுத்துரு இல்லாத தொலைபேசியில் வாசிக்கவே முடியாது. 400 புத்தகத்துக்கு எக்செல் தாளே போதும். கோஹா போன்ற இலவச நூலக மென்பொருள் சில ஆயிரத்தைத் தாண்டிய பிறகு யோசிக்க வேண்டியது.

இரவல்: ஒரு சப்பாத்துப் பெட்டி முறை

பலர் ஒரு கொப்பியில் "யார், எந்தப் புத்தகம், எப்போது" என்று வரிசையாக எழுதுவார்கள். முதல் மாதம் நன்றாக ஓடும். மூன்றாம் மாதம், திரும்பி வந்த புத்தகத்துக்குக் கோடு போட அந்த வரியைத் தேடிப் பத்துப் பக்கம் புரட்ட வேண்டும், வாசலில் நாலு பிள்ளைகள் நிற்பார்கள், "பிறகு வெட்டுவோம்" என்று விடுவீர்கள். அத்தோடு கணக்குப் போச்சு.

அதற்குப் பதில் புத்தகத்துக்கு ஓர் அட்டை. 3 அங்குலத்துக்கு 5 அங்குலத் தடித்த தாளில் பதிவிலக்கமும் தலைப்பும். பின்னட்டையின் உட்புறம் ஒரு தாள் பை ஒட்டி, அட்டையை அதற்குள் செருகுங்கள். எதிர்ப்பக்கத்தில் திகதித் தாள், மேல் விளிம்பில் மட்டும் பசை. நிரம்பினால் உரித்துப் புதிது ஒட்டலாம். ஒரு பிள்ளை புத்தகம் எடுக்கும்போது அட்டையை உருவி, அதில் அங்கத்துவ இலக்கத்தையும் திருப்ப வேண்டிய திகதியையும் எழுதி, சப்பாத்துப் பெட்டிக்குள் அந்தத் திகதிக்குரிய பிரிப்பட்டைக்குப் பின்னால் போடுங்கள். திகதித் தாளிலும் அதே திகதி. புத்தகம் திரும்பி வந்ததும் தாளில் திகதியைப் பார்த்து, பெட்டியில் அந்த இடத்தில் அட்டையை எடுத்து, பைக்குள் செருகினால் முடிந்தது. பத்து விநாடி வேலை. இன்று யார் யார் தாமதம் என்று அறியவும் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தால் போதும்.

இரண்டு புத்தகம், 14 நாள். அங்கத்துவத்துக்குப் பெயர், வீடு இருக்கும் ஒழுங்கை, பெற்றோரின் தொலைபேசி இலக்கம். பிணையாளியும் வைப்புப் பணமும் வேண்டாம். தண்டப்பணமும் வேண்டாம். இங்கேதான் குழுவுக்குள் சண்டை வரும், "பயம் இல்லாவிட்டால் திருப்ப மாட்டார்கள்" என்பார்கள். நடப்பது நேர்மாறு. நாளுக்கு 5 ரூபாய் என்றால் இருபது நாளில் 100 ரூபாய். அந்தக் காசை வீட்டில் கேட்கப் பயந்து பிள்ளை புத்தகத்தைக் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கும், பிறகு வாசிகசாலைப் பக்கமே வராது. புத்தகமும் போய் வாசகரும் போவார். அமெரிக்காவில் சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ நகர நூலகங்கள் 2019இல் தாமதத் தண்டப்பணத்தையே எடுத்துவிட்டன. அவற்றைவிட நம் சப்பாத்துப் பெட்டி பெரிதில்லை. பழையது வரும்வரை புதியது இல்லை என்ற ஒரே விதி போதும். தொலைந்தால் அதே புத்தகமோ அதற்கு நிகரான ஒன்றோ. வசதியில்லாத வீடென்றால் ஒரு சனிக்கிழமை புத்தகம் ஒட்ட வந்து உதவினால் கணக்குத் தீர்ந்தது. நினைவூட்டலைத் தனியாக அனுப்புங்கள், ஒழுங்கை வட்ஸ்அப் குழுவில் பெயர் போடாதீர்கள். யார் என்ன வாசிக்கிறார் என்பதும் வெளியே போகக்கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, பாடசாலை 1.30க்கு விடுகிறது. காலை 9 மணிக்குத் திறந்தால் பேப்பர் பார்க்கும் பெரியவர்கள் மட்டும் வருவார்கள். கிழமை நாளில் 3 முதல் 7.30, சனி, ஞாயிறில் ரியூசன் முடிந்த பிற்பகல். வெள்ளி ஜும்ஆ நேரத்தில் கூட்டம், பயிற்சி எதுவும் வைக்காதீர்கள். வாரம் ஏழு நாளும் திறப்போம் என்று தொடங்கி நாலாம் வாரம் களைப்பதைவிட, வாரம் மூன்று நாள் சொன்ன நிமிடத்தில் திறப்பது நல்லது. இரண்டு தடவை பூட்டிய கதவைப் பார்த்த பிள்ளை மூன்றாம் தடவை வராது. கதவின் திறப்பு (சாவி) மூன்று பேரிடம், மூன்று வெவ்வேறு வீட்டில்.

ஈரமும் பூச்சியும்

கொழும்பின் ஈரக்காற்றும், வெள்ளவத்தை, முகத்துவாரப் பக்கம் உப்புக்காற்றும் புத்தகத்துக்குச் சத்துரு. சஞ்சிகைகளில் அடித்த ஸ்டேப்ளர் கம்பி ஒரு வருடத்தில் துருவேறி நடுத்தாளைத் தின்னும். வந்த உடனேயே கம்பியைக் கழற்றி, மூன்று துளை போட்டுத் தடித்த நூலால் தைத்துவிடுங்கள். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகிப் பசை கசிந்து பக்கத்துத் தாளையும் பிடிக்கும். மெல்லிய தாள் கீற்றும் வெள்ளைப் பசையும் போதும். மாப்பசை வேண்டவே வேண்டாம். கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து.

பூச்சி உருண்டையைத் தட்டுத் தட்டாக வைக்கும் பழக்கத்தை விடுங்கள். பிள்ளைகள் இரண்டு மணி நேரம் மூச்சுவிடும் அறை அது. வாரம் ஒருமுறை புத்தகங்களை எடுத்துத் தட்டைத் துடைப்பதும், அறைக்குள் சாப்பாடு கொண்டுவராததும் அதைவிட வேலை செய்யும். அன்பளிப்பு மூட்டையை நேரே உள்ளே ஏற்றாதீர்கள். இரண்டு வாரம் தனியாகப் பொலித்தீன் பையில் கட்டி வைத்துத் திறந்து பாருங்கள், அடியில் பொடி கொட்டியிருந்தால் பூச்சி இருக்கிறது. அருமையான நூலென்றால் காற்றுப் புகாமல் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையை உடனே அவிழ்க்காதீர்கள், குளிர் போகட்டும், இல்லாவிட்டால் வியர்த்து நனையும். பூஞ்சணம் பிடித்ததை ஈரத்துணியால் துடைத்தால் தாளுக்குள் இறங்கும். நிழலில் காற்றாட உலர்த்தி, வாய் மூக்கைக் கட்டிக்கொண்டு வெளியில் வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள். சுவரில் கறையான் மண்கோடு தெரிந்தால் புத்தகத்தை நகர்த்துவது பரிகாரமல்ல, வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லுங்கள்.

இரண்டு கொப்பியும் ஒரு கடிதமும்

ஒரு கொப்பியில் தலைக்கணக்கு. திறந்த நாளெல்லாம் 4 மணி, 5.30, 7 மணிக்கு உள்ளே இருப்பவர்களை எண்ணிச் சிறுவர், பெரியவர் என்று பிரித்து எழுதுங்கள். இன்னொரு கொப்பிக்கு "கேட்டார், இல்லை" என்று பெயர். கேட்டு வந்து கிடைக்காமல் போன ஒவ்வொன்றையும் அதில் எழுதுங்கள். தமிழ் மொழிமூல உயர்தரக் கணக்கியல், சிங்களம் கற்கும் புத்தகம், ஓட்டுநர் பரீட்சைக் கைநூல், உட்காரக் கதிரை. இரண்டில் இதுதான் பெறுமதியான கொப்பி. அடுத்து எதை வாங்குவது என்பதைக் குழுவின் ருசி தீர்மானிக்காமல் இது தீர்மானிக்கட்டும்.

ஆறு மாதக் கணக்குக் கையில் சேர்ந்ததும் மாநகர சபைக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி கொழும்பிலும் தமிழில் எழுதிப் பதில் பெற உங்களுக்கு உரித்துண்டு. "எங்கள் பகுதிக்கு நூலகம் தேவை" என்ற பொதுவான மகஜருக்குப் பொதுவான பதில்தான் வரும். ஒன்றைக் குறித்துக் கேளுங்கள்: கிளை நூலகத்தைக் கிழமையில் இரண்டு நாள் மாலை 7 வரை திறப்பது, வாடகைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அதிபரின் கையொப்பத்தைப் பிணையாக ஏற்பது, உங்கள் அறைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூறு புத்தகம் மொத்தமாக இரவல் தருவது. தலைக்கணக்கின் மாதத் தொகையை ஒரு தாளிலும், "கேட்டார், இல்லை" கொப்பியில் அதிகம் வந்த இருபது தலைப்பை இன்னொரு தாளிலும் இணைத்து விடுங்கள். வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி.

கடந்த ஆண்டில் நூல் வாங்க ஒதுக்கியது எவ்வளவு, அதில் தமிழ் நூலுக்கு எவ்வளவு, எந்தக் கிளைக்கு எத்தனை என்று அறிய வேண்டுமானால் அது தனி விண்ணப்பம். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சபையின் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு விண்ணப்பத்தில் மூன்று கேள்விக்கு மேல் போடாதீர்கள், ஆண்டைக் குறிப்பிடுங்கள். "எல்லா விபரமும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 14 நாளுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. நேரில் கொடுப்பதென்றால் இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். 14 நாளை எங்கிருந்து எண்ணுவது என்ற தகராறு வந்தால் கையில் காட்ட இருப்பது அந்த முத்திரை ஒன்றுதான்.